பழைய காது கேலரி

ஜெர்லின் ஒரு காலிப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி ரயில் நிலையத்துக்குள் வந்தாள். நாற்பத்தாறு வயதுக்காரி, துறைமுகத்தில் கிரேன் கட்டுப்பாட்டு அறையின் சீனியர் ஆபரேட்டர், கையில் பச்சைக் குடம். அவளை எனக்குத் தெரியவே தெரியாது என்று காட்டிக்கொள்ள நான் அறிவிப்புத் திரை பக்கம் திரும்பி நின்றேன்.

"ஏட்டி தன்ஷிகா! அங்க என்னத்தப் பாத்துட்டு நிக்க? இதப் பிடி, ஷூ லேஸ் கட்டணும்."

குடம் என் கைக்கு வந்தது. அதன்பிறகு மானத்தைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை.

'தண்ணி லாரி' என்ற இசைக்குழுவை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பத்து நாளைக்கு ஒரு தடவை குடிநீர் வந்த காலத்தில், கோவில்பட்டியில் லாரிக்காகக் காத்துக் கிடந்த நான்கு பேர், காத்திருந்த நேரத்தில் குடத்தைத் தட்டிப் பாடிப் பழகி ஆரம்பித்த குழு. மொத்தம் அறுபத்தோரு பாட்டு. அதில் 'வரிசை' என்ற பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவது சரணம் வந்ததும் பாடகர் இசக்கிமுத்து வாயை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டிவிடுவார். கூட்டம் குடத்தைத் தட்டிக்கொண்டு அந்த நான்கு வரியையும் பாடும். இருபது வருஷம் அப்படித்தான். பிறகு டிரம்ஸ் அடிக்கும் சூசைக்கும் இசக்கிமுத்துவுக்கும் எதற்கோ சண்டை வந்து குழு கலைந்தது. பத்து வருஷம் கழித்து இப்போது ஒரே ஒரு கச்சேரி, கோயம்புத்தூரில். அதற்குத்தான் இந்தக் குடம்.

நான் ரசிகை இல்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். எனக்குக் காலையில் குக்கர் விசில் ஒழுங்காக வந்தால் அதுவே சங்கீதம். ஜெர்லினோடு இருபத்தெட்டு வருஷமாகச் சேர்ந்து திரிகிற பாவத்துக்காகப் போனேன். மூன்றாவது ஆள் முபீனா. காயல்பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஓடி வந்து ரயிலில் ஏறியவள், சீட்டில் உட்காரும் முன்பே தேங்காய்ச்சோறு டப்பாவைத் திறந்துவிட்டாள்.

நாங்கள் மூவரும் சேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பாளையங்கோட்டையில் கல்லூரி முதல் வருஷம், முதல் நாள், வருகைப் பதிவு. ஜெர்லின் எழுந்து நின்றாள். "ஜெ... ஜெ... ஜெ..." அதற்கு மேல் வரவில்லை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்று மாலை விடுதிக் குளியலறையில் யாரோ வாளியைத் தட்டித் 'தண்ணி லாரி' பாட்டைத் தங்குதடையில்லாமல் பாடுவது கேட்டது. கதவைத் தட்டினால் உள்ளே அவள். பாடும்போது திக்கவில்லை. முபீனாதான் முதலில் பிடித்துக்கொண்டாள்: "அப்பம் பேசுறதையும் பாட்டு மேல ஏத்திரலாம்ட்டி." ஒரு வருஷம் மூன்று பேரும் அதே வேலையாக இருந்தோம். எந்த எழுத்து தடுக்கிறதோ அதற்கொரு பாட்டு. மனசுக்குள் பாட்டு ஓடும், விரல் தொடையில் தாளம் போடும், சொல் அந்தத் தாளத்தில் ஏறி வெளியே வந்துவிடும். தாளத்தை வைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது பெரிய இடங்களிலும் உண்டென்று பிற்பாடு படித்தேன். இன்று அவள் வாக்கி டாக்கியில் "பொறு, தூக்காதே" என்றால் நாற்பது டன் பெட்டி அந்தரத்தில் நிற்கும். அவள் விரல் மட்டும் தொடையில் ஆடிக்கொண்டிருக்கும்.

ரயில் மதுரையைத் தாண்டியபோது மூன்று பேர் போனிலும் ஒரே நேரத்தில் செய்தி வந்தது. 'கச்சேரி ரசிகர்களுக்கு: உங்கள் புதுச்செவி அமர்வு மதியம் ஒரு மணிக்கு.'

"புதுச்செவியா?" என்றேன். "இதுக்கு யாருட்டி சம்மதிச்சா?"

"டிக்கெட் ஃபாரத்துல இருந்துச்சு. நான் பூராவும் படிக்கல" என்றாள் ஜெர்லின்.

அந்த ஃபாரம் நினைவுக்கு வந்தது. 'உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாடல்கள் எத்தனை?' என்று ஒரு கேள்வி. ஜெர்லின் அதை நுழைவுத் தேர்வு என்று நினைத்துக்கொண்டாள். அறுபத்தொன்று என்று எழுதி, ஒவ்வொரு பாட்டையும் முதலில் எங்கே கேட்டாள், எந்த எழுத்துக்கு எதைப் பயன்படுத்துகிறாள் என்று வரிசையாகக் குறித்து வைத்திருந்த நோட்டையும் படம் எடுத்து இணைத்திருந்தாள். முபீனா பன்னிரண்டு என்று போட்டிருந்தாள். நான் வீம்புக்குச் சைபர் என்று போட்டேன்.

"அது மார்க்குக்கு இல்ல பிள்ள" என்றாள் முபீனா. அவள் கடையில் புதுச்செவி மாத்திரை விற்பதால் அவளுக்கு எல்லாம் தெரியும். "எந்தெந்தப் பாட்ட அழிக்கணும்னு அவங்களுக்குத் தெரியணும்லா, அதுக்கு. நீயே லிஸ்ட் எழுதிக் குடுத்திருக்க."

"அழிக்கவா?"

"ஒரு ஞாபகத்த எடுத்துப் பாக்கும்போது அது கொஞ்ச நேரம் இளகிப்போய் இருக்கும். மறுபடி இறுகி உள்ள போய் உக்காரும். மாத்திரையப் போட்டுட்டு, தொப்பி மாதிரி ஒரு மெஷினத் தலையில மாட்டிட்டு பாட்டக் கேட்டா, இளகுனது இறுகாமலே கரைஞ்சிரும். எங்க பக்கத்து வீட்டு மாமா ஒரு கிரிக்கெட் ஃபைனல இதே மாதிரி நாலு தடவ முதல் தடவையாப் பாத்துட்டாரு. நாலு தடவையும் அழுதாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெர்லின் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறியிருந்தது, ஆனால் நான் பயந்தபடி இல்லை.

"அப்பம் சாயங்காலம் 'வரிசை'ய நான் முதல் தடவையாக் கேப்பேனா?" என்றாள். "அதுவும் நேர்ல?"

எந்த ரசிகருக்கும் அது பெரிய ஆசைதான். அவள் கண்ணில் அதைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"ஏட்டி, உன் பேச்சு பூரா அந்தப் பாட்டு மேலதான நிக்கி?"

"அது பழகிப் போச்சுட்டி. இருபத்தெட்டு வருஷம். சைக்கிள் ஓட்டப் படிச்சா மறக்குமா?"

"படிச்சது மறக்காது. ஆனா நீ சைக்கிளையே குடுத்துட்டு வரப்போற."

திண்டுக்கல் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். விரல் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

மைதானம் கோவைக்கு வெளியே இருந்தது. அதன் வாசலில் வெள்ளைக் கூடாரங்கள், வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரசிகர். இரத்த தான முகாம் மாதிரிதான் இருந்தது. எங்கள் கூடாரத்துப் பொறுப்பாளர் பெயர் சண்முகப்பிரியன். ஐம்பது வயதிருக்கும், அத்தனை பேரிடமும் முகம் சுளிக்காமல் பேசினார்.

"உங்களுக்கு வேண்டாமுங்க" என்றார் என்னைப் பார்த்து. "சைபர்னு போட்டிருக்கறீங்க. நீங்க பொறவியிலயே புதுச்செவிங்க."

"ஏன் சார் எல்லாரையும் மறக்க வைக்கணும்? தெரிஞ்ச பாட்டக் கேக்கத்தான வந்திருக்காங்க."

"கச்சேரிய வீட்ல உக்காந்து பாக்கறவங்க பல லட்சம் பேருங்க. அவிங்களுக்குப் பாட்டு ஏற்கெனவே இருக்குது. அவிங்க பாக்கோணும்னு கேக்கறது முத தடவ கேக்கறவிங்க முகத்தத்தானுங்க. இப்ப எந்தக் கச்சேரியிலயும் அந்த முகம் கெடைக்கறதில்ல. அதனால கம்பெனி உண்டு பண்ணுது."

"பாடுறவங்களுக்கு இது தெரியுமா?"

அவர் டேப்லெட்டைப் பார்த்தார். "அது மேலிடத்து விசயமுங்க."

முபீனா முதலில் போனாள். பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வெளியே வரும்போது குளித்து முடித்தவள் மாதிரி பளிச்சென்று இருந்தாள். "ஒண்ணுமே தெரியல பிள்ள, லேசா இருக்கு" என்றாள். எங்கள் நடுவில் உட்கார்ந்து தேங்காய்ச்சோற்றில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டாள். ஜெர்லின் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது அவளுடைய விரலையே பார்த்தாள்.

"ஆமா, நீ ஏன் பேசும்போது இப்படித் தொடையத் தட்டுற? கேக்கணும்னே நெனச்சுட்டு இருந்தேன்."

நான் முபீனாவின் கையைப் பிடித்தேன்.

"முபீனா, நம்ம மூணு பேரும் எப்படிச் சேந்தோம்?"

"ஹாஸ்டல்ல" என்றாள். யோசித்தாள். "ஒரே ரூம்லதான இருந்தோம்? இல்ல... பக்கத்து ரூமா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஏதோ வாளி ஞாபகம் வருது. அதுக்கு மேல வரல. யா அல்லாஹ், எப்படிட்டி சேந்தோம்?"

அந்த வருஷம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு பாட்டோடு சேர்ந்தே போய்விட்டிருந்தது. பாட்டைப் பிடுங்கும்போது வேரோடு மண்ணும் வருமென்று கம்பெனி எந்த ஃபாரத்திலும் எழுதியிருக்கவில்லை. நான் சண்முகப்பிரியனிடம் சண்டைக்குப் போனேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார், ஆனால் வருத்தம் எதையும் திருப்பித் தரவில்லை. "பாட்ட மறுக்காக் கேட்டா பாட்டு வந்துருமுங்க. அதோட ஒட்டிட்டிருந்தது வராதுங்க."

"எனக்கு ஒண்ணே ஒண்ண மட்டும் அழிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டாள் ஜெர்லின். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு ஆசை விடவில்லை. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். அறுபத்தொன்றில் அவளுக்குப் பிடிக்காத ஒரே பாட்டு 'டிராக்டர் கல்யாணம்'. சுத்த மொக்கை என்று அவளே சொல்வாள். அதைத் தேர்ந்தெடுத்தாள். மூன்று நிமிஷம். தொப்பியைக் கழற்றினார்கள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் தெரியல. ப... ப..."

அவள் நிறுத்தினாள். மறுபடி முயன்றாள். "ப... ப... ப..." விரல் தொடையில் எதையோ தேடியது. தாளம் அங்கே இல்லை. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விடுதியில் 'ப' வராமல் ஒரு மாதம் மல்லுக்கட்டினோம். எந்த நல்ல பாட்டிலும் அது ஏறவில்லை, கடைசியில் அந்த மொக்கைப் பாட்டில்தான் ஏறியது. பழகிப் பழகி அவளே அதை மறந்திருந்தாள். நோட்டில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நோட்டு வீட்டில் இருந்தது, அதன் படம் கம்பெனியிடம் இருந்தது.

"'பயமா இருக்கு'ன்னு சொல்ல வந்தியா?"

அவள் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஒரு பாட்டு போனதற்கு ஓர் எழுத்து போயிருந்தது. இன்னும் அறுபது இருந்தன. அவையும் போனால் வருகைப் பதிவில் எழுந்து நின்ற அந்தப் பெண்தான் மிஞ்சுவாள். சண்முகப்பிரியன் மெதுவாகச் சொன்னார்: "வேண்டாம்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரலாமுங்க. ஆனா முன்னால நிக்க முடியாதுங்க. தெரிஞ்சவிங்க யாராவது கூடவே பாடிட்டாங்கன்னா மத்தவிங்க முகம் கெட்டுப்போகும். பின்னால, லைட் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கேலரி இருக்குதுங்க."

ஜெர்லின் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டாள். என்னைத் தன்னோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"முபீனா தனியா நிக்கக் கூடாது. நீ அவகூட நில்லு. இசக்கிமுத்து அண்ணன் எப்படி இருக்கார்னு கிட்ட நின்னு கவனிச்சுச் சொல்லு. அது நீ எனக்குச் செய்யணும்."

அவள் போன பக்கம் ஒரு பலகை இருந்தது: 'பழைய காது'. கம்பெனிக்காரர்களே வைத்த பெயர். நாற்பதாயிரம் பேர் கூட்டத்தில் அங்கே போனவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேர் கையிலும் குடம்.

மாலை ஐந்தரைக்குக் கச்சேரி ஆரம்பித்தது. நானும் முபீனாவும் மேடைக்குப் பத்தடி தூரத்தில் நின்றோம். முதல் பாட்டு முடிந்ததும் நாற்பதாயிரம் பேர் பெருமூச்சு விட்டார்கள். பலர் அழுதார்கள். முபீனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கேமராக்கள் முகம் முகமாகத் தேடித் தேடிப் பறந்தன. கம்பெனி விற்க நினைத்தது கம்பெனிக்குக் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒருவரும் பாடவில்லை. எப்படிப் பாடுவார்கள்? யாருக்கும் ஒரு வரியும் தெரியாது. பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி ஒழுங்காக, சத்தமில்லாமல் நின்று கேட்டார்கள். இசக்கிமுத்து ஒவ்வொரு பாட்டிலும் பழைய பழக்கத்தில் சில இடங்களில் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். கூட்டம் கத்தவேண்டிய இடங்கள் அவை. ஒன்றும் வரவில்லை. அறுபதை நெருங்கிய மனிதர். நாலாவது பாட்டில் அவர் தோள் தொங்கிவிட்டது. சூசை டிரம்ஸுக்குப் பின்னால் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தார். ஜெர்லினிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்தேன்.

ஐந்தாவது, 'வரிசை'.

முதல் சரணம் முடிந்தது. இசக்கிமுத்து வாயை மூடிக்கொண்டு மைக்கை நீட்டினார். நாற்பதாயிரம் பேர் அந்த மைக்கைப் பார்த்தார்கள். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. இசை ஒரு சுற்று வெறுமனே சுற்றி வந்தது. இன்னொரு சுற்று. அவர் மைக்கைத் தன்னருகே கொண்டுபோய் வாயைத் திறந்தார், மூடினார். அந்த வரிகளை மேடையில் அவர் பாடி முப்பது வருஷம் ஆகியிருந்தது. அவருக்கே வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து கேட்டது. டொம். டொம். டொம்டொம்.

குடங்கள். லைட் கோபுரத்துக்கு அந்தப் பக்கம், கிட்டத்தட்ட முந்நூற்று நாற்பது மீட்டர். ஒலி அவ்வளவு தூரம் போக ஒரு நொடி, திரும்பி வர ஒரு நொடி ஆகும். அதை நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பலகையில் போட்டுக் காட்டுகிறவள். குடச்சத்தம் மேடை இசைக்கு இரண்டு நொடி பின்தங்கி, குழறலாக வந்து சேர்ந்தது. கூடவே முந்நூறு குரல். வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஆனால் சூசை தலையை நிமிர்த்தினார். குச்சியை உயர்த்தி, காது கொடுத்து, பின்னாலிருந்து குடச்சத்தம் வரும்வரை காத்திருந்து, அதன் மேல் அடித்தார். மேடை தன் நடையை விட்டுவிட்டுக் கேலரியின் நடைக்கு வந்தது.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. சைபர் என்று எழுதிக் கொடுத்தவள் நான். நாலு வரியும் எனக்குத் தெரிந்திருந்தது. அபசுரமாகத்தான் பாடினேன், பக்கத்தில் நின்றவர் நகர்ந்து நின்றார்.

"உனக்கு இது எப்படித் தெரியும்?" என்றாள் முபீனா.

"உனக்கும் தெரியும்ட்டி! இன்னிக்கு மதியம் வரைக்கும் தெரியும்!"

இசக்கிமுத்து மைக்கோடு மேடையிலிருந்து குதித்துவிட்டார். பாதுகாவலர்கள் ஓடிவருவதற்குள் கூட்டத்துக்குள் நுழைந்து பின்னால் நடந்தார். இசை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கேமரா அவரைத் தொடர்ந்தது, பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது. வழியில் ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் நின்றார், அவர் முகத்தில் கோபமும் சிரிப்பும் மாறி மாறி வந்தன, பிறகு இன்னும் வேகமாக நடந்தார். கேலரியின் முன்வரிசையில் பச்சைக் குடம் வைத்திருந்த பெண்ணின் முன் போய் நின்றார்.

"உன் பேரென்ன தாயி?"

"ஜெர்லின்." அந்த எழுத்துக்கான பாட்டு பத்திரமாக இருந்தது.

"எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"முன்னாடி நிக்கவங்களுக்குப் பாட்டையே அழிச்சுட்டாங்களாமே. இப்பத்தான் ஒருத்தர் சொன்னாரு. எங்க பாட்ட ஊரே மறந்துருச்சுன்னு நான் நொந்துபோய் நின்னேன் தாயி."

"மறந்துதான் போச்சு அண்ணே. ஃபாரம் நிரப்பி மறந்திருக்காங்க."

அவர் சிரித்தார். மைதானம் முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது. "சரி, அவங்களுக்குச் சொல்லிக் குடுப்போம். எனக்கே இந்தச் சரணம் வர மாட்டேங்குது. நீ ஒவ்வொரு வரியா எடுத்துக் குடு. பேச்சாச் சொன்னாப் போதும். நான் பாடுதேன், அவங்க திருப்பிப் பாடட்டும்."

"மெட்டு இல்லாமலா அண்ணே?"

அந்த நாலு வரி இதுதான்:

பத்து நாளு தண்ணி இல்ல
பக்கத்துல நீ இருக்க
பாதிக் குடம் போதுமடி
பாடிக்கிட்டே வீடு போவோம்

நாலும் 'ப'. பாடினால் தப்பித்துக்கொள்வாள். பேசினால் முடியாது. இசக்கிமுத்து மைக்கை அவள் கையில் வைத்தார். அவள் பக்கத்தில் நின்ற மனிதர் அதற்காகக் கையை நீட்டினார். கொடுத்திருந்தால் அவர் சொல்லியிருப்பார், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. திரையில் ஜெர்லின் அந்தக் கையைப் பார்த்தாள். கொடுக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ப... ப... ப... பத்து நாளு தண்ணி இல்ல."

சிரிப்பு வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. சூசை ஒவ்வொரு திக்கலுக்கும் ஓர் அடி கொடுத்தார், மூன்றே மூன்று, துல்லியமாக. கேலரியின் முந்நூறு குடமும் அதைப் பிடித்துக்கொண்டன. தாளக்காரர்களோடு வாழ்நாளைக் கழித்த இசக்கிமுத்துவால் அடித்த அடியை விட்டுவிட்டுப் பாட முடியவில்லை. மைக்கை வாங்கி, ப... ப... ப... என்று மூன்றையும் எடுத்தே பாடினார். நாற்பதாயிரம் பேரும் கேட்டதைக் கேட்டபடி திருப்பிப் பாடினார்கள். அவர்களுக்கு வேறு மாதிரி அந்த வரி தெரியவே தெரியாது.

ஜெர்லின் கண்ணை மூடித் திறந்தாள். "ப... ப... பக்கத்துல நீ இருக்க." இரண்டு அடி. நாற்பதாயிரம் குரல். மூன்றாவது வரியில் 'பாதி' தப்பித்தது, 'போதுமடி'யில் நாலு தடவை சிக்கிக்கொண்டாள். நாலையும் பாடினார்கள். என் பக்கத்தில் முபீனா துள்ளித் துள்ளிக் குதித்துப் பாடினாள். கடைசி வரியில் ஜெர்லினுக்கு எதுவுமே தடுக்கவில்லை, தண்ணீர் மாதிரி வந்தது. அதற்குள் பழகிப்போன கூட்டம் தானாகவே ஒரு "பா... பா..." சேர்த்துக்கொண்டு பாடியது. அவள் தலையை அண்ணாந்து சிரித்தாள். கல்லூரியில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒருத்தி இருந்தேன். அழுதுகொண்டு இருந்தேன்.

அந்தச் சரணத்தை அவர்கள் ஏழு தடவை பாடினார்கள். அதன்பிறகு குழு மேடைக்குத் திரும்பவில்லை. வாத்தியங்களைக் கேலரிப் பக்கம் தூக்கி வரச் சொல்லிவிட்டு, மிச்சக் கச்சேரியை அங்கிருந்தே நடத்தினார்கள். நாற்பதாயிரம் பேரும் திரும்பி நின்றார்கள். முதல் வரிசை கடைசி வரிசை ஆனது, நானும் முபீனாவும் உட்பட. கம்பெனிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில் முபீனா எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். விடுதிக் கதையை நாங்கள் இரண்டு பேரும் முதலிலிருந்து சொன்னோம். வாளி, குளியலறை, 'ப'வோடு மல்லுக்கட்டிய ஒரு மாதம். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். நடுவில் ஒரு தடவை, "அந்த யோசனைய நானா சொன்னேன்? நானா?" என்று கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டாள். ஞாபகம் திரும்பவில்லை. கதையாவது கிடைத்தது.

"வேலைக்கு என்னட்டி பண்ணப்போற?" என்று ஜெர்லினைக் கேட்டேன்.

"திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லிருவேன். 'ப...' கிரேன நிறுத்தச் சொல்லுற அந்த வார்த்தைக்கு இனிமே 'நில்லு'ன்னு சொல்லுதேன். மத்தபடி அந்த எழுத்து வந்தா ரெண்டு நொடி லேட்டாகும், காத்துட்டு இருங்கன்னு சொல்லுவேன். நாப்பதாயிரம் சனம் காத்துட்டு இருந்துச்சு, ஆபீஸ்ல நாலாளு காத்துட்டு இருக்க மாட்டாங்களா?"

அவள் விரல் தொடையைத் தட்டியது. பக்கத்துப் பெட்டியில் கல்லூரிப் பெண்கள் சிலர் 'வரிசை'யைப் பாடிக்கொண்டு போனார்கள், திக்கல்களோடு. முபீனாவும் சேர்ந்துகொண்டாள்.

"ப... ப... பத்து நாளு தண்ணி இல்ல..."

ஜெர்லின் அவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"தப்பு! அங்க நான் திக்குனது ரெண்டு இல்லட்டி, மூணு. பா... பாடுனா ஒழுங்காப் பாடு."